மேலே படகு, கீழே ஊர்

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பது பெரியோர் வாக்கு. போட்ட அணையே வெள்ளமாக வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்தில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. இரும்பும் எஃகும் செய்து பேர் பெற்ற ஊர். 1889-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி மாலை, பத்தே நிமிஷத்தில் அந்த ஊரின் பெரும்பகுதி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மாண்டவர்கள் 2,209 பேர். மலைமேல் சில சீமான்கள் மீன் பிடிக்கவும் படகு விடவும் தேக்கி வைத்திருந்த ஏரி உடைந்து இறங்கியதுதான் காரணம்.

இது பழைய கதைதான். ஆனால் முடிந்துபோன கதை அல்ல. அமெரிக்க அரசாங்கத்தின் அணைப் பதிவேட்டில் 90,000-க்கு மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். "எந்த உபயோகத்துக்காக?" என்ற இடத்தில் அதிகமாக எழுதப்பட்டிருப்பது பாசனமோ மின்சாரமோ அல்ல, "பொழுதுபோக்கு" என்ற சொல்தான்!

பெரிய அணைக்குக் காவல் உண்டு, என்ஜினீயர்கள் உண்டு, ஒரு விரிசல் கண்டால் பத்திரிகையில் எழுத ஆள் உண்டு. யாரோ ஒரு தனவந்தரின் தோட்டத்தில், யாரோ நாலு பேர் சேர்ந்த கிளப்பில், மரங்களுக்கு நடுவே மறைந்திருக்கும் சின்ன அணையை யார் பார்க்கிறார்கள்?

2000 டாலருக்கு ஓர் ஏரி

ஜான்ஸ்டவுனுக்கு மேலே 14 மைல் தூரத்தில் இருந்தது சவுத் போர்க் அணை. ஊரைவிட அது சுமார் 450 அடி உயரமான இடத்தில் நின்றது. அதைக் கட்டியது ராஜ்ய சர்க்கார்தான். படகுப் போக்குவரத்துக் கால்வாய்க்குக் கோடையில் தண்ணீர் கொடுக்க, 1853-ல் அந்த மண் அணையைக் கட்டி முடித்தார்கள். உயரம் 72 அடி. நீளம் 900 அடிக்கு மேல்.

கட்டி முடித்த மறு ஆண்டே ரயில் வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. அணையும் கேட்பாரற்றுப் போயிற்று. 1862-ல் கரை ஓரிடத்தில் உடைந்தது. ஏரியில் அப்போது தண்ணீர் குறைவு. அதனால் பெருஞ்சேதம் இல்லை.

1879-ல் பிட்ஸ்பர்க் நகரத்துப் பிரமுகர் ஒருவர் அந்த உடைந்த அணையையும் சுற்றியிருந்த நிலத்தையும் 2000 டாலருக்கு வாங்கினார். "சவுத் போர்க் மீன்பிடி வேட்டை கிளப்" பிறந்தது. அங்கத்தினர்கள் சாமானியர்கள் அல்ல. எஃகுச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னகி, நிலக்கரிக் கோடீஸ்வரர் ஹென்றி கிளே பிரிக், பாங்கர் ஆண்ட்ரூ மெல்லன் ஆகியோர் அதில் இருந்தார்கள். 47 அறைகள் கொண்ட மாளிகை, ஏரிக்கரை நெடுகப் பங்களாக்கள், நீராவிப் படகுகள், எரீ ஏரியிலிருந்து தருவித்த மீன்கள் என்று எல்லாம் அமர்க்களமாக இருந்தன. அணைக்கு மட்டும் தேர்ந்த என்ஜினீயர் ஒருவர் இல்லை!

மூன்று குறைகள்

ஏரிக்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. ஏரிக்கு இரண்டு வழி வேண்டும். வேண்டும்போது நீரை வெளியேற்ற அடியில் மதகு. நிறைந்த பிறகு மிஞ்சும் நீர் தானாக வழிந்தோடக் கலிங்கு. மண் கரை நீரைத் தன் மார்பில் தாங்கும். தலைமேல் வழிந்தால் தாங்காது. மேலே ஓடும் நீர் மண்ணை அரித்து வாய்க்கால் பறிக்கும், வாய்க்கால் பள்ளமாகும், பள்ளம் உடைப்பாகும்.

சவுத் போர்க் அணையில் என்ன நடந்தது?

முதலாவது, மதகு போயிற்று. அணையின் அடியில் ஐந்து பெரிய இரும்புக் குழாய்கள் இருந்தன. இடையில் அணையை வாங்கியிருந்தவர் அவற்றைப் பெயர்த்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். கிளப் வாங்கிய பிறகு அந்த இடத்தில் புதுக் குழாய் வைக்கவில்லை. உடைந்த பாகத்தில் மண்ணும் கல்லும் கிளையும் வைக்கோலும் சாணமும் போட்டு அடைத்தார்கள். ஆபத்து என்று வந்தால் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைக்க இனி வழியே இல்லை.

இரண்டாவது, கரை தாழ்ந்தது. சீமான்களின் குதிரை வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகக் கரையின் தலைப்பு அகலமாக வேண்டியிருந்தது. அதற்காகக் கரையை இரண்டு மூன்று அடி வெட்டித் தாழ்த்தினார்கள். கரையின் நடுப்பாகமோ ஏற்கெனவே சற்றுத் தொய்ந்திருந்தது.

மூன்றாவது, கலிங்கு அடைபட்டது. காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிப் போகாமல் இருக்கக் கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பித் தட்டி வைத்தார்கள். தட்டி மீனைத் தடுத்தது. மழைக்காலத்தில் அடித்துவரும் மரக்கிளையையும் சருகையும் கூடத் தடுத்தது.

ஒன்று இரும்புக்குக் கிடைத்த காசுக்காக, மற்றொன்று வண்டிச் சவாரிக்காக, இன்னொன்று மீனுக்காக. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. அவரவர் சௌகரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கீழே சுமார் 30,000 பேர் வசித்தார்கள் என்பது மட்டும் ஒருவர் கணக்கிலும் வரவில்லை.

ஒரு கடிதமும் ஒரு பதிலும்

யாருமே எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார்கள். ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் தலைவர் டேனியல் மாரெல் 1880-ல் தம் ஆலையைச் சேர்ந்த ஜான் புல்ட்டன் என்பவரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். "நீரை வெளியேற்றக் குழாய் இல்லை, உடைப்பை அடைத்த வேலையும் உறுதியாக இல்லை" என்பது புல்ட்டன் கண்ட முடிவு. சரியாகப் பழுது பார்ப்பதானால் செலவில் ஒரு பங்கைத் தாமே தருவதாக மாரெல் கிளப்புக்கு எழுதினார்.

கிளப்பின் தலைவரிடமிருந்து பதில் வந்தது. உங்களுக்கோ உங்கள் ஜனங்களுக்கோ எங்கள் முயற்சியால் யாதொரு அபாயமும் இல்லை என்பது அதன் சாராம்சம். அத்தோடு விவகாரம் முடிந்தது. மாரெல் 1885-ல் காலமானார். அந்தக் கிளப் தலைவர் 1887-ல் காலமானார். அணை மட்டும் இருந்தது.

கிளப் தலைவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அபாயம் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் அபாயம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அணைக்குச் சொந்தக்காரர் கையில் இருந்ததே, அதுதான் பிசகு. பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்தினால் யாரும் தோற்பதில்லை.

மே 31

1889 மே 30-ந் தேதி இரவு அடைமழை பிடித்தது. மறுநாள் காலையில் ஏரி கண்ணுக்குத் தெரிய ஏறிக்கொண்டிருந்தது. கிளப்பில் சாக்கடை வெட்ட வந்திருந்த தொழிலாளர்கள் கரையை உயர்த்த மண் போட்டார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு வழி வெட்டினார்கள். மீன் தட்டியில் குப்பை கூளம் அடைத்துக் கிடந்தது. பிடுங்கப் பார்த்தும் பயன் இல்லை. கிளப்பின் இளம் என்ஜினீயர் ஒருவர் குதிரை மீதேறிப் பக்கத்து ஊருக்குப் பறந்து, கீழே தந்தி கொடுக்கச் சொன்னார்.

தந்தி போயிற்று. ஆனால் ஜான்ஸ்டவுனில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் "அணை உடையப் போகிறது" என்ற பேச்சு கிளம்புவதும், உடையாமல் போவதும் அங்கே வாடிக்கை. "புலி வருது, புலி வருது" கதைதான். அன்று புலி வந்துவிட்டது.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு அணை உடைந்தது. இக்கால அளவையின்படி ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டன் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் வீடுகள், மரங்கள், ரயில் என்ஜின்கள், முள்கம்பிச் சுருள்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஊரை அடைந்தது. அடித்துவந்த அத்தனையும் ஊரின் கல் பாலத்தில் மலையாகக் குவிந்தன. அந்தக் குவியலில் உயிரோடு சிக்கியிருந்தவர்கள் பலர். இரவில் அது தீப்பற்றிக்கொண்டது! வெள்ளத்துக்குத் தப்பியவர்களைத் தீ தின்றது.

குடும்பத்தில் ஒருவர்கூட மிச்சமில்லாமல் 99 குடும்பங்கள் அழிந்தன. அடையாளம் தெரியாத 700-க்கு மேற்பட்ட சடலங்களை ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். பெயரில்லாத வெள்ளைக் கற்கள் அங்கே வரிசை வரிசையாக இன்றும் நிற்கின்றன.

பழி கடவுள் மேல்

கிளப் என்ன செய்தது? ஆயிரம் கம்பளிகள் அனுப்பியது. அங்கத்தினர்களில் பலர் நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தார்கள். கார்னகி பின்னர் ஊருக்கு ஒரு நூல் நிலையம் கட்டிக் கொடுத்தார்.

நஷ்ட ஈடு கேட்டு வழக்குகள் போட்டார்கள், ஒன்றும் ஜெயிக்கவில்லை. "இது தெய்வச் செயல்" என்று சொல்லிவிட்டார்கள். கிளப் என்ற ஸ்தாபனத்திடம் சொத்தும் இல்லை. அங்கத்தினர்களிடம் கோடி கோடியாக இருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேறு, கிளப் வேறு!

அமெரிக்க என்ஜினீயர் சங்கத்தின் விசாரணைக் குழுவும், அணை பழைய நிலையில் இருந்திருந்தாலும் அந்த மழைக்கு உடைந்துதான் இருக்கும் என்று 1891-ல் அறிக்கை வெளியிட்டது. 125 ஆண்டுகள் கழித்து, 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. கரையைத் தாழ்த்தியதால் உபரி நீர் வெளியேறும் சக்தி பெரிதும் குறைந்தது என்றும், முதலில் கட்டிய அமைப்பு அப்படியே இருந்திருந்தால் அன்றைய வெள்ளத்தை அணை தாங்கியிருக்கும் என்றும் அது கண்டது. மழை தெய்வச் செயலாக இருக்கலாம். கரையை வெட்டியது மனிதன் செயல்.

இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. ஓர் ஆலைக்காரர் வெட்டிய குளத்து நீர், பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில், 1868-லேயே மேல் நீதிமன்றம் ஒரு விதியைச் சொல்லிவிட்டது. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவன், அதன் பொறுப்பையும் தானே ஏற்கவேண்டும் என்பதே அந்த விதி. ஜான்ஸ்டவுனுக்குப் பிறகு அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் மெல்ல மெல்ல இந்த விதியின் பக்கம் சாய்ந்தன. நல்லதுதான். ஆனால் செத்தவர்களுக்கு அதனால் என்ன?

சட்டம் தூங்கிய காலம்

பென்சில்வேனியா ராஜ்யம் அணைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தது எப்போது? 1913-ல்! ஜான்ஸ்டவுன் அழிந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் 1911-ல் ஆஸ்டின் என்ற ஊரில் ஒரு காகித ஆலையின் அணை உடைந்து 78 பேர் மாண்ட பிறகுதான். முதல் அடியில் கண் திறக்கவில்லை. இரண்டாவது அடி வேண்டியிருந்தது.

மற்ற ராஜ்யங்களிலும் இதே கதைதான். 1977 நவம்பர் 6-ந் தேதி விடியுமுன், ஜார்ஜியா ராஜ்யத்தில் டோக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்தது. சின்னஞ்சிறு மண் அணை. உயரம் சுமார் 40 அடி. ஒரு வேதாகமக் கல்லூரிக்குச் சொந்தம். முன்பு மின்சாரத்துக்குப் பயன்பட்டது. 1957-க்குப் பிறகு வெறும் உல்லாச ஏரி. கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் மாண்டார்கள்; பலர் குழந்தைகள். கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் சரிந்திருந்ததை 1973-ல் எடுத்த ஒரு புகைப்படம் காட்டியது. படம் எடுத்த கண் இருந்தது. பார்த்துச் சொல்லும் கண் இல்லை.

அதன் பிறகே ஜனாதிபதி கார்ட்டர், ஆபத்தான இடங்களில் உள்ள தனியார், ராஜ்ய அணைகளைச் சோதிக்கும்படி ராணுவ என்ஜினீயர்களுக்கு உத்தரவிட்டார். 8,800-க்கு மேற்பட்ட அணைகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பத்திரமில்லாதவை என்று தெரிந்தது! அவ்வளவு காலமும் அவை அப்படியேதான் நின்றுகொண்டிருந்தன. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

2006-ல் ஹவாய்த் தீவுகளில் ஒரு தனியார் அணை உடைந்து 7 பேர் இறந்தார்கள். கலிங்கை மண் போட்டு மூடியிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. 1889-ல் மீன் தட்டி, 2006-ல் மண். நூறு ஆண்டுகள் கடந்தும் அதே குற்றம். ஒரு வித்தியாசம் உண்டு: இந்த முறை பழி கடவுள் மேல் விழவில்லை. 2014-ல் அணையின் சொந்தக்காரருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சொந்தக்காரரின் சமாதானம்

"சின்ன ஏரிதானே, இதற்கா இவ்வளவு கெடுபிடி?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சின்னது, பெரியது என்ற கணக்கு இங்கே செல்லாது. அமெரிக்காவில் இப்போது அணைகளை வகைப்படுத்தும்போது, அது உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதையே முதலில் பார்க்கிறார்கள். உயிர்ச்சேதம் நேரும் என்றால் அது "உயர் ஆபத்து" அணை. இது நியாயமான முறை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டும்போது கீழே வெறும் மேய்ச்சல் நிலமாக இருந்திருக்கும். ஐம்பது ஆண்டில் அங்கே தெருவும் பள்ளிக்கூடமும் வந்துவிடும். அணை அப்படியே இருக்கிறது, ஆபத்து வளர்ந்துவிட்டது! ஆகையால் ஒரு தரம் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால் போதாது. தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

"செலவுக்குப் பணம் ஏது?" என்பது அடுத்த கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. இன்று அமெரிக்காவில் பல ஏரிகளுக்குச் சொந்தக்காரர்கள் கோடீஸ்வரர்கள் அல்ல. ஏரியைச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட நடுத்தரக் குடும்பங்களின் சங்கங்கள்தான். புதிய கலிங்கு கட்டுவது அவர்களுக்குப் பெரிய சுமை. அதற்காகச் சர்க்கார் கடன் கொடுக்கலாம், மானியமும் கொடுக்கலாம். ஆனால் கலிங்கு கட்டப் பணம் வரும்வரை ஏரியின் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கப் பணம் வேண்டியதில்லையே! படகு விடும் இன்பம் கொஞ்சம் குறையும். கீழே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பெரும்பாலும் பார்க்கவேண்டியவை எளிய விஷயங்கள்தான். கலிங்கில் குப்பை இருக்கிறதா? மதகு திறந்து மூடுகிறதா? கரையில் மரம் முளைத்திருக்கிறதா, எலி வளை தோண்டியிருக்கிறதா? கரைக்கு வெளியே நீர் கசிகிறதா? தெளிந்த நீர் கசிந்தால் கவனிக்கவேண்டும். கலங்கிய நீர் கசிந்தால் ஓடவேண்டும். கரையின் மண்ணே கரைந்து வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கண்டதைச் செய்விக்கவும் வேண்டும். மிச்சிகன் ராஜ்யத்தில் ஈடன்வில் என்ற தனியார் அணைக்குப் பெருவெள்ளத்தை வெளியேற்றும் சக்தி போதாது என்று கூறி, 2018-ல் மத்திய அதிகாரிகள் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தார்கள். உரிமம் போயிற்று, அணையும் ஏரியும் அப்படியே இருந்தன. 2020 மே 19-ந் தேதி அது உடைந்தது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் ஓர் உயிரும் போகவில்லை. எச்சரிக்கை உயிரைக் காத்தது. வீடு வாசல்களைக் காக்க அதனால் முடியவில்லை. ஏரிகளைத் திருத்தும் செலவில் ஒரு பெரும் பங்கு இப்போது ஏரிக்கரை நிலச் சொந்தக்காரர்கள் தலையில் விழுந்திருக்கிறது. முதலிலேயே செய்திருந்தால் செலவு எவ்வளவோ குறைந்திருக்கும்.

கேட்கவேண்டியவர்கள்

உல்லாச ஏரி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மனிதன் ஓயாமல் உழைக்கிறான். ஒரு நாள் தண்ணீர்க்கரையில் தூண்டில் போட்டு உட்காருவது அவனுக்கு வேண்டியதுதான். ஆனால் மற்ற சொத்துக்கும் அணைக்கும் ஒரு பேதம் உண்டு. வீடு இடிந்தால் இருப்பவன் தலையில் விழும். அணை இடிந்தால் கீழே இருப்பவன் தலையில் விழும். எனவே அணை பத்திரமா என்று கேட்கும் உரிமை கீழே இருப்பவனுக்கு வேண்டும்; கேட்டால் பதில் சொல்லும் கடமை மேலே இருப்பவருக்கு வேண்டும்; இருவருக்கும் நடுவில் நின்று சோதிக்க, இரு தரப்பையும் சேராத என்ஜினீயர் ஒருவர் வேண்டும். சோதனை அறிக்கை பீரோவுக்குள் இருக்கக்கூடாது. கீழே உள்ள ஊர்ச் சாவடியில் தொங்கவேண்டும்.

மாரெல் ஒரு பெரிய ஆலையின் தலைவர். அவர் கேட்டே நடக்கவில்லை. ஆலையில் கூலி வேலை செய்து, ஆற்றங்கரையில் குடியிருந்தவன் கேட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

சவுத் போர்க் அணையின் இரு முனைகளும் இன்றும் நிற்கின்றன. 1964 முதல் அந்த இடம் தேசிய நினைவிடம். ஏரி இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. இரண்டு கரைக்கும் நடுவே, உடைப்பு விழுந்த இடத்தில், கணுக்கால் நனைய ஒரு சிற்றோடை ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், "இவ்வளவு சின்ன ஓடையா இரண்டாயிரம் பேரைக் கொன்றது?" என்று வியக்கிறார்கள்.

ஓடை யாரையும் கொல்லவில்லை. அதை மறித்தவர்கள், அது போகவேண்டிய வழியையும் அடைத்துவிட்டார்கள்.